குருசாமிக்குத் துட்டி கேட்கப் போன கதை

ஷார்ஜாவில் எங்கள் வீட்டில் ஒரு மாம்பழத்தை நிம்மதியாகத் தின்ன முடியாது. எந்த நாட்டுப் பழத்தை வாங்கி வந்து நறுக்கினாலும், எங்கள் வீட்டுக்காரர் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டுத் தலையை ஆட்டுவார். "எங்க ஊரு சப்பட்டைக்கு முன்னால இதெல்லாம் ஒரு பழமா?" சப்பட்டை என்பது ராஜபாளையத்து மாம்பழம். மாம்பழத்தோடு விட்டாலாவது பரவாயில்லை. பரோட்டா தின்றால் பழைய பஸ் ஸ்டாண்டுப் பரோட்டா, குளித்தால் அய்யனார் கோவில் அருவி, பார்க்கில் எவனாவது நாயைப் பிடித்துக்கொண்டு போனால் ராஜபாளையம் நாய். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது எனக்கு.

நான் மட்டும் என்ன, லண்டனிலா பிறந்தேன்? ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம். ராஜபாளையத்திலிருந்து அரை மணி நேரப் பஸ். சின்ன ஊரின் அருமை பெருமை எனக்கும் தெரியும். ஒருத்தர் தும்மினால் அடுத்த தெருவில் கஷாயம் போடுவார்கள் என்று இவர் உருகுவார். உண்மைதான். ட்யூஷன் முடிந்து வரும்போது சைக்கிள் கடைப் பக்கம் ஒரு நிமிஷம் நின்று நான் சிரித்தாலும், வீடு போய்ச் சேர்வதற்குள் அது எங்கள் அம்மா காதுக்குப் போயிருக்கும். பையன்களுக்குச் சின்ன ஊர் என்பது ஆறும் மாந்தோப்பும் சினிமாக் கொட்டகையும். எங்களுக்கு ஊர் முழுக்கக் கண். இவர் வளர்ந்த ஊரும் நான் வளர்ந்த ஊரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றல்ல.

இந்த வருடம் பேச்சு முற்றிவிட்டது. "வேலைய விட்டுரலாம்னு இருக்கேன். நாம ஊரோட போயிருவோம்" என்றார். அந்த 'நாம'வில் என்னையும் சேர்த்துச் சொல்கிறார் என்று எனக்கு உறைக்கவே செத்த நேரம் ஆனது. நான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்கிற ஆபீசில் இருக்கிறேன். எந்தப் பஸ் எந்தத் தெருவில் எந்தப் பிள்ளைக்காக நிற்க வேண்டும் என்பது என் பொறுப்பு. டிரைவர்கள் எல்லாரும் 'மேடம்' என்று எனக்குத்தான் போன் செய்வார்கள். நாற்பது வயதுக்கு மேல் லைசென்ஸ் எடுத்து என் காரை நானே ஓட்டுகிறேன். அதையெல்லாம் விட்டுவிட்டு ராஜபாளையத்தில் போய்க் கணேசன் பொண்டாட்டியாக உட்கார எனக்கு விருப்பமில்லை என்று நேராகவே சொன்னேன்.

"பத்து நாள் வந்து பாரு. பாத்துட்டு நீயே சொல்லு. திரும்பி வந்ததும் கம்பெனில சொல்லணும்" என்றார். ஆக, லீவுக்குள் நான் சரி என்றோ முடியாது என்றோ ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

இதற்கு நடுவில் குருசாமி செத்துப்போனார்.

குருசாமி இவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். போலீசில் எஸ்.ஐ.யாக இருந்து ரிட்டையர் ஆகி, பெண் எடுத்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே குடியேறியவர். ஊருக்குத் திரும்பினால் யாரோடு பேசிக்கொண்டு இருப்பீர்கள் என்று நான் கேட்கும்போதெல்லாம் "குருசாமி இருக்காம்லா" என்பார் இவர். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் யாரோ ஒரு கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் போர்டைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். போர்டு பாதிதான் தெரிந்தது. அந்தப் பாதியில் போலீஸ் உடுப்பும் முறுக்கு மீசையுமாகக் குருசாமி. அவ்வளவுதான், குழு முழுக்கக் கும்பிடு பொம்மையும் அழுகைப் பொம்மையும் நிரம்பி வழிந்தன. இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு உட்கார்ந்து மூன்று பத்திக்கு ஒரு அஞ்சலி எழுதினார். அய்யனார் கோவில் ஆற்றில் வெள்ளம் வந்தபோது தன் முடியைப் பிடித்து இழுத்துக் கரையேற்றியவன் குருசாமி என்றும், இந்த உயிர் அவன் போட்ட பிச்சை என்றும் எழுதியிருந்தார். படித்தபோது எனக்கே கண் கலங்கியது. மறைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒரு கடமை உண்டு. ஊருக்கு வந்தால், தாங்கள் இல்லாத நேரத்தில் சாவு விழுந்த வீடுகளுக்கெல்லாம் போய்த் துட்டி கேட்க வேண்டும், அதாவது துக்கம் விசாரிக்க வேண்டும். கல்யாணத்துக்கு வராததை மன்னித்துவிடுவார்கள். துட்டி கேட்காததைப் பேரன் காலம் வரை சொல்லிக் காட்டுவார்கள். அதனால் எங்கள் சுற்றுலாவில் மலை, ஆறு, பரோட்டா, குருசாமி வீட்டுத் துட்டி, நான் சொல்ல வேண்டிய பதில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

மதுரையில் இறங்கிய உடனேயே இவருக்கு ஊர்க்காற்று ஏறிவிட்டது. ஷார்ஜாவில் 'கோமதி' என்று மரியாதையாகக் கூப்பிடுகிற மனிதர், ஏர்போர்ட் வாசலில் "ஏட்டி, அந்தப் பையத் தூக்கு" என்றார். திரும்பிப் பார்த்தேன். வேறு யாரையும் சொல்லவில்லை, என்னைத்தான். டாக்சி வேண்டாம், பஸ்ஸில் போனால்தான் ஊருக்குப் போகிற மாதிரி இருக்கும் என்று அடம்பிடித்தார். சரி என்று பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஏறினோம். வெளிநாட்டுப் பெட்டிகள் இரண்டும் நடுவழியை அடைத்துக்கொண்டன. கண்டக்டர் தாண்டித் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு பெட்டியின் மேலேயே உட்கார்ந்து டிக்கெட் கிழித்தார். "என்னண்ணே, வீட்டக் காலி பண்ணிட்டு வாரீயளா?" என்று அவர் கேட்டதும் இவருக்கு வாயெல்லாம் பல். "ஆமா தம்பி, ஊரோட வந்துருதோம்" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். என்னிடம் பதில் வாங்குவதற்கு முன்னாலேயே கண்டக்டரிடம் சொல்லியாகிவிட்டது.

ராஜபாளையத்தில் இவருடைய அக்கா வீட்டில் தங்கினோம். எனக்கு மதினி. நல்ல மனுஷி, ஆனால் கேட்ட எதையும் தெரியாது என்று சொல்லி அறியாதவர். பெட்டியை இறக்குவதற்குள் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா எட்டிப் பார்த்து, "எப்புடு வச்சினாவு? எப்புடு போதாவு?" என்று கேட்டார். எப்போது வந்தாய், எப்போது போகிறாய். அடுத்து வந்தவர் அதையே தமிழில் கேட்டார். பால்காரர் கேட்டார். இஸ்திரிக்காரர் கேட்டார். வந்ததைக் கேட்ட மூச்சிலேயே போவதையும் கேட்டுவிடுவார்கள், நடுவில் மூச்சு விட மாட்டார்கள். இவர் ஒவ்வொருவரிடமும் "போகப் போறதில்ல, இங்கனதான் இருக்கப் போறேன்" என்றார். யாரும் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "சந்தோசம், சந்தோசம். எப்ப ஃபிளைட்டு?" என்றார் இஸ்திரிக்காரர்.

மறுநாள் அய்யனார் கோவில். ஷேர் ஆட்டோவில் மலையடிவாரம் வரை போய், பிறகு நடந்தோம். மேற்கே மலை அழகாகத்தான் இருந்தது, குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். தண்ணீர்தான் இல்லை. கணுக்கால் நனைகிற அளவுக்கு ஒரு ஓட்டம், பாறைக்குப் பாறை தாண்டி என்னவோ கடமைக்கு ஓடிக்கொண்டிருந்தது. "இங்கனதான்! இந்தப் பாறைலதான் குருசாமி எம் முடியப் பிடிச்சான்!" என்று ஒரு பாறையைக் காட்டினார். முடியே இல்லாத தலையைத் தடவிக்கொண்டே காட்டினார். பிறகு துண்டைக் கட்டிக்கொண்டு அந்தக் கணுக்கால் தண்ணீரில் மல்லாக்கப் படுத்தார். முன்பக்கம் நனையவில்லை என்று குப்புறப் படுத்தார். அறுபதைத் தாண்டிய ஆள் எருமை மாதிரி புரள்வதைக் குடும்பத்தோடு வந்திருந்த சிலர் நின்று பார்த்தார்கள். நான் இவருக்கு உறவில்லாதவள் மாதிரி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு வந்து, பேண்ட் சட்டை வைத்திருந்த பையை முறுக்குப் பொட்டலம் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு மரமேறிவிட்டது. பேண்டை உதறிப் பார்த்தது, பையை முகர்ந்தது, தின்பதற்கு ஒன்றும் இல்லை என்ற கோபத்தில் எல்லாவற்றையும் எடுக்க முடியாத ஒரு கிளையில் மாட்டிவிட்டுப் போனது. இவர் கீழே நின்று "ஏலே, குடுலே" என்று அதை ஊர்ப்பாஷையில் மிரட்டினார். அது இவரை வெளியூர்க்காரர் என்று கண்டுகொண்டிருக்க வேண்டும். கடைசியில் ஈரத் துண்டோடு, என் துப்பட்டாவைத் தோளில் போர்த்திக்கொண்டு ஷேர் ஆட்டோவில் திரும்பினார். எதிரே காய்கறிக் கூடையோடு இருந்த அம்மா பாவப்பட்டு, "அண்ணாச்சி, குருவாயூர்ல இருந்தா வாரீய?" என்று கேட்டார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். சிரிப்பை அடக்கி அடக்கி வயிறு வலித்தது.

பரோட்டா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். வேறு கடையில் தின்றோம். பரோட்டா உண்மையிலேயே பிரமாதம், சால்னாவும் பிரமாதம். நான் நாலு தின்றேன். இவர் இரண்டு தின்றுவிட்டு, ராத்திரியெல்லாம் நெஞ்சைத் தடவிக்கொண்டு வயிற்றெரிச்சல் மாத்திரை கேட்டார். மாம்பழம் சீசன் முடிந்துவிட்டது. கடையில் இருந்தது ஆந்திராப் பழம்.

மூன்றாம் நாள் மதினி எங்களைத் துட்டிக்குக் கிளப்பினார். யார் யார் வீடு என்று எல்லாம் அவர் நாக்கு நுனியில் இருந்தது. தெருத் தெருவாக நடந்தோம், பிறகு செட்டியார்பட்டிக்கு ஆட்டோ பிடித்தோம். துட்டி வீட்டில் நம்மை 'வாங்க' என்று கூப்பிட மாட்டார்கள். நாமும் வெறுங்கையோடுதான் போக வேண்டும். ஆண்கள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார, பெண்கள் உள்ளே போய்ச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். "எப்படி ஆச்சு?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். முந்தின நாள் ராத்திரி எத்தனை இட்லி தின்றார் என்பதிலிருந்து தொடங்குவார்கள். எழுந்து வரும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்லவே கூடாது. சாவு வீட்டுக்குத் திரும்பி வருகிறேன் என்று யாராவது சொல்வார்களா? வாய் திறக்காமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும்.

இவருக்கு அன்று ஒரே அதிர்ச்சி. ஷார்ஜாவில் இருந்தபடி இவர் மனதுக்குள் உலவ விட்டிருந்த ஆட்களில் பாதிப் பேர் போட்டோவாகிச் சுவரில் தொங்கினார்கள். கணக்கு வாத்தியார், சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தவர், சித்தப்பா முறையில் இருவர். செட்டியார்பட்டியில் ஒரு வீட்டில் உட்கார்ந்து உண்மையாகவே அழுதார். அழுகைக்கு நடுவில் அந்த வீட்டுப் பெரிய மகன் தண்ணீர் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "எப்ப வந்தீய? எப்ப கெளம்புதிய?"

வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்தோம். "இன்னும் குருசாமி வீடு பாக்கி இருக்கே, அவன் எப்படிப் போனானாம்க்கா?" என்று இவர் கேட்டார். மதினி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "போலீஸ்காரவியதானே? ஹார்ட்டுன்னுதான் சொன்னாக" என்றார். மறுநாள் வெள்ளிக்கிழமை, துட்டிக்கு ஆகாது. அதனால் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினோம்.

எங்கள் ஊரில் இறங்கியதும் கோபுரத்தைப் பார்த்தேன். எனக்கு அங்கே இப்போது யாரும் இல்லை. அம்மா அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், தம்பி சென்னையில், நாங்கள் இருந்த வீட்டை இடித்து யாரோ மாடி கட்டிவிட்டார்கள். தேரடியைத் தாண்டும்போது தொண்டையில் ஏதோ அடைத்தது. ஊர்மீது பாசமே இல்லாதவள் இல்லை நான். ஆனால் அந்த அடைப்புக்காக வேலையை விட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு காபி குடித்ததும் சரியாகிவிட்டது.

குருசாமி வீடு மடவார் வளாகத்தில், வைத்தியநாத சுவாமி கோவிலுக்குக் கொஞ்சம் தள்ளி. தெரு திரும்பியதுமே இவர் கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நானும் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். கேட் திறந்திருந்தது. பனியனும் கைலியுமாக ஒரு வழுக்கைப் பெரியவர், குந்த வைத்துச் செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். இவர் நேரே போய் அவரைத் தூக்கி நிறுத்திக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, குருசாமி நம்மள விட்டுப் போயிட்டானேண்ணே" என்று கதறினார். குருசாமியின் அண்ணன் என்று நினைத்துவிட்டார்.

அவர் கையில் இருந்த குழாய் இரண்டு பேரையும் நனைத்தது. "எங்கலே போனேன்? காலைல இருந்து கடைக்குக்கூடப் போகலியே" என்றார் அவர்.

நான் வாயிலிருந்த தலைப்பை எடுத்தேன். இவர் பிடியை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். மீசை இல்லை, முடி இல்லை, உடுப்பு இல்லை. குருசாமிதான். "ஏலே கணேசா, பேய இல்ல, என்னயத்தான் பாக்கே" என்று அவர் இவர் கன்னத்தில் தட்டினார்.

நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவர் மனைவி காளீஸ்வரி வந்து, இரண்டு பேரும் வெறுங்கையோடு வந்திருப்பதைப் பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. இத்தனை வருடம் கழித்து ஒரு வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறோம், ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட இல்லை. இவருக்கும் அது உறைத்து, "செத்த இரு" என்று எழுந்து ஓடி, தெருமுனைக் கடையில் பால்கோவா வாங்கி வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. "எனக்குச் சக்கரைலே" என்று குருசாமி அதை வாங்கி அப்படியே மனைவியிடம் கொடுத்தார்.

"அப்ப அந்தப் போர்டு?" என்று இவர் கேட்டார்.

"அது எங்க மாமாவுக்கு வச்சது. போர்டு வச்சது நான், அதனால எம் படம் பெருசு. செத்த மனுசன் படம் இந்தப் பக்கம் ஓரத்துல இருந்தது. எந்தப் புண்ணியவான் போட்டோ எடுத்தானோ, மாமாவ விட்டுட்டு என்னயக் கொன்னுட்டான்."

"குரூப்புல நீயும் இருக்கேல்ல? ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"எதுக்குச் சொல்லணும்? யார் யாரு வாராகன்னு பாக்கேன்." குருசாமி சிரிக்கவில்லை. "அம்புட்டுப் பேரும் கும்பிடு போட்டானுவ. இந்த ஊர்லயே ஏழெட்டுப் பேரு இருக்கான். ஒருத்தன் வரல. நீதான் மொத ஆளு."

இவர் முகம் மலர்ந்தது. அதை அவர் நிலைக்க விடவில்லை.

"ரொம்ப மலராத. மாமா செத்ததுக்கு முன்னால எத்தன தடவ ஊருக்கு வந்துட்டுப் போயிருக்கே? அரை மணி நேரம் பஸ்ஸு. உசுரோட இருக்கவன ஒரு தடவ எட்டிப் பாக்கல. செத்தேன்னு தெரிஞ்சதும் பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்துட்டே."

இவர் நனைந்த சட்டை நுனியைப் பிழிந்தார். அது எனக்கும் சேர்த்துத்தான், நானும்தானே ஒவ்வொரு தடவையும் கூட வந்தேன்.

"நீ எழுதுனதப் படிச்சேன். நல்லா எழுதிருந்தே, எங்க வீட்ல இவா அழுதுட்டா. ஆனா ஆத்துல உம் முடியப் பிடிச்சு இழுத்தது நான் இல்லலே. எனக்கு நீச்சலே தெரியாது. அது மாடசாமி."

"மாடசாமியா?"

"மில்லுல வேல பாத்தாம்லா, நம்ம வகுப்பு மாடசாமி. அவன் செத்துப் பல வருசம் ஆச்சு. அப்ப குரூப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவனுக்கு எவனும் எழுதல."

இவர் தலையைக் குனிந்துகொண்டு தன் கை விரலையே பார்த்தார். அன்றைக்குப் பாறையைக் காட்டும்போது இருந்த அந்த ஆள் எங்கே போனார் என்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம், வரவில்லை. பாவமாக இருந்தது.

பிறகு இவர் நிமிர்ந்து, "சரி விடு. நான் ஊரோட வந்துரப் போறேன். இனிமே டெய்லி வாரேன்" என்றார்.

"யாரப் பாக்க வருவே? நாங்க அடுத்த மாசம் ஓசூர் போறோம்லா. மகன் வீட்டுக்கு. பேரப்பிள்ளையப் பாத்துக்க ஆள் இல்ல." குருசாமி சாவிக் கொத்தை மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். "வேணும்னா நீ வந்து இதுல இரு. பூட்டிக் கெடந்தா கரையான் பிடிச்சிரும். செடிக்கும் தண்ணி ஊத்துன மாதிரி இருக்கும்."

காளீஸ்வரி என்னைக் காபி போட அடுப்படிக்குக் கூட்டிப் போனார். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, "அக்கா, நீங்க அங்கன வேலைக்குப் போறீயளாமே? காரெல்லாம் ஓட்டுவீயளாமே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "உங்களுக்கு ஓசூர் போகப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். அவருக்கு இந்தத் தெருவிலேயே பிறந்த வீடு. தங்கச்சி மூன்றாவது வீட்டில் இருக்கிறார்.

"அவிய சொல்லிட்டாக, மகனும் வரச் சொல்லிட்டான். என்னய யாருக்கா கேட்டா?" கரண்டியால் டிகாக்ஷனைக் கலக்கிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார். "உங்கள எப்படி, கேட்டாகளா?"

"பத்து நாள் பார்த்துட்டுச் சொல்லச் சொல்லியிருக்காங்க."

"அப்பச் சொல்லிருங்க" என்றார் காளீஸ்வரி. பால் பொங்கியது, ஓடிப்போய் இறக்கினார்.

கிளம்பும்போது இவர் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் தாண்டிவிட்டார். வியாழக்கிழமை முழுக்கத் துட்டி வீடுகளில் பழகிய கால் அப்படியே நடந்தது. "ஏலே, சொல்லிட்டுப் போலே! எழவு வீடா இது?" என்று குருசாமி உள்ளேயிருந்து கத்தினார். இவர் பதறித் திரும்பி வந்து, "போயிட்டு வாரேன், போயிட்டு வாரேன்" என்று ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னார். குருசாமி கேட்டைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

ராஜபாளையம் பஸ்ஸில் நல்ல கூட்டம். எனக்கு ஒரு பாட்டுப் பெட்டிக்குக் கீழே இடம் கிடைத்தது. இவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போதாவது ஊர் ஆசை தணிந்திருக்கும் என்று நினைத்தேன். பஸ் ஊரைத் தாண்டியது. இவர் குனிந்து, "அவன் வீடு நல்ல காத்தோட்டமா இருக்கு, என்ன? ரெண்டு பேருக்குத் தாராளம். உனக்கும் பொறந்த ஊர்லயே இருந்தாப்ல ஆச்சு" என்றார். எனக்கு ஏதோ பெரிய உபகாரம் செய்கிற முகம்.

குருசாமி போகிறார், மாம்பழம் இல்லை, ஆற்றில் தண்ணீர் இல்லை, இழுத்துப் போட்ட ஆளே வேறு ஆள். அதற்குப் பிறகும் இவருக்கு ஊர் வேண்டும். சரி, அது இவர் பிரியம், இவர் பிறந்த ஊர், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அந்த ஒரு நொடியில் எனக்குக் கோபம்கூடப் போய்விட்டது. சொல்ல வேண்டியது மட்டும் வாயில் நின்றது.

"நீங்க வந்து இருங்க. நான் வரல" என்றேன்.

பாட்டுச் சத்தத்தில் காதில் விழவில்லை. "என்ன?" என்றார்.

கொஞ்சம் உரக்கவே சொன்னேன். "நீங்க வேலைய விட்டுட்டு ஊருக்கு வாங்க, தாராளமா வாங்க. நான் ஷார்ஜாலயே இருக்கேன். எனக்கு வேல இருக்கு, விசாவும் என் பள்ளிக்கூடத்து விசாதான். வருஷத்துக்கு ஒரு தடவ லீவுல வந்து உங்களப் பாத்துட்டுப் போறேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்க்க ஆரம்பித்தார். முன் சீட்டுக்காரர் திரும்பியே பார்த்துவிட்டார். இந்நேரம் இது மடவார் வளாகத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கும், போகட்டும். எங்கள் பக்கத்தில் புருஷன் வெளிநாட்டிலும் பொண்டாட்டி ஊரிலும் இருக்கிற வீடு தெருவுக்கு நாலு இருக்கிறது. அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இவர் கம்பியை மாற்றிப் பிடித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், படவில்லை. இரண்டு நிறுத்தம் போனது. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். பிறகு குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"அப்ப நான் சாப்பாட்டுக்கு என்ன செய்ய? தனியா எப்படி இருக்க?"

"பழகிரும்" என்றேன்.

கல்யாணமாகி ஷார்ஜாவுக்குப் போன முதல் வாரம். பேச ஒரு ஆள் இல்லாத அந்த ஒற்றை அறையில், தனியாக எப்படி இருப்பேன், என்னை ஊருக்கே அனுப்பிவிடுங்கள் என்று நான் அழுதுகொண்டு நின்றேன். இவர் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் குனிந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். நிமிராமல் எனக்குச் சொன்ன பதில் அந்த ஒரு வார்த்தைதான். எனக்குப் பழகிவிட்டது.